நாலு மழைக்காலம் தாண்டிய கோழிக்கூடு: சுத்தம் செய்வதற்கு எது கைகொடுத்தது, எது காலை வாரியது

6 அடி நீளம், 4 அடி அகலம், 12 நாட்டுக்கோழி. பகலில் கொல்லையில் மேய்ச்சல், இருட்டியதும் அடைப்பு. இந்த அளவுக் கூட்டை நாலு ஐப்பசி அடைமழைக்குப் பிறகு எடை போட்டால் ஒன்று தெளிவாகிறது. தரை சிமெண்டா, கம்பி வலையா, மரமா என்பது இரண்டாம் பட்சம். ராத்திரி எச்சம் எங்கே விழுகிறது, அங்கே கை எட்டுகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

ராத்திரி கம்பில் ஏறி அடைந்த கோழி நகராது. அதனால் எச்சம் கம்புக்கு நேர் கீழே குவியும். அங்கே ஒரு தட்டு வைத்துவிட்டால் மீதித் தரை பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். கம்புகள் இரண்டு, பின்சுவரிலிருந்து 10 அங்குலத்தில் ஒன்று, 22 அங்குலத்தில் இன்னொன்று. ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்றால் ஒரு கம்பில் 9 உட்காரும். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஏணிப்படி மாதிரி வைத்தால் எல்லாமே மேல் கம்புக்கு அடித்துக்கொள்ளும், தோற்றவை கீழே உட்கார்ந்து முதுகில் எச்சம் வாங்கும்.

தட்டுக்கு ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) வேண்டாம். எச்சத்தின் ஈரமும் அம்மோனியாவும் மடிப்பு ஓரங்களைத் தின்றுவிடும். பிளைவுட் ஊதிப்போகும். நன்றாக உழைத்தது பழைய பிவிசி குளியலறைக் கதவு. இரண்டரை அடி அகலம், 6 அடிக்குச் சற்று மேல்; இந்தக் கூட்டுக்கென்றே செய்தது மாதிரி. குறுக்கே அறுத்து இரண்டு தட்டாக்குங்கள், முழு நீளத்தில் இழுத்தால் நடுவில் வளையும். கதவின் உள்ளே குழல் குழலாக வெற்றிடம் இருப்பதால் அறுத்த வாயை சிலிகான் வைத்து அடைக்க வேண்டும். விட்டால் எறும்பும் அழுக்குத் தண்ணீரும் குடியேறும். மேலே ஒரு கைப்பிடி உமி தூவி, காலையில் கொத்தனார் கரணையால் வழித்தால் இரண்டு நிமிட வேலை.

சாம்பலும் சுண்ணாம்பும் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த தட்டில் சாம்பல் தூவலாம். ஈரமான எச்சத்தின் மேல் சுண்ணாம்பைக் கொட்டினால் நாற்றம் குறையாது, கூடும். காரம் ஏறினால் அம்மோனியா இன்னும் வேகமாக வெளியேறும் என்பதே காரணம். கண் எரிந்தால் ஈரத்தை அள்ளி வெளியே போடுங்கள், மேலே எதையும் தூவாதீர்கள்.

காலில் நிற்கும் வலைத் தரைக் கூடுகள் பட்டறைகளில் அழகாகத்தான் இருக்கின்றன. குறுக்குச் சட்டம் வரும் இடமெல்லாம் எச்சமும் இறகும் அப்பிக் காய்ந்து கல்லாகிவிடும். அடியில் விழுந்த குவியலில் சாரல் பட்டால் ஈ மொய்த்துவிடும். சிமெண்ட் தரையே போதும்: தரையிலிருந்து 2 அடி உயர மேடை, முன்பக்கம் 1 அங்குலம் சரிவு, மேலே 2 அங்குலம் உமி. தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுவது தவறான பழக்கம். ரத்தக்கழிச்சல் கிருமி எச்சத்தோடு வெளியே வந்த பிறகு, ஈரமும் சூடும் கிடைத்தால்தான் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வரும். காயவைத்துக் கூட்டுவதே சுத்தம். தண்ணீர்க் கிண்ணம் உள்ளே வேண்டவே வேண்டாம். இருட்டில் கோழி குடிக்காது, தட்டி மட்டும் விடும். வெயில் காலத்தில் விடிந்ததும் கதவைத் திறந்தால் சரி.

கதவுதான் பலர் கஞ்சத்தனம் காட்டும் இடம். முன்பக்கம் முழுவதும் 3 அடிக்கு ஒன்றாக இரண்டு கதவு வேண்டும். கீழ்ப்படிக்கு ஆணி அடிக்காமல், காடியில் செருகி எடுக்கும் 6 அங்குலப் பலகை வைத்தால், உமியை நேராகப் பாண்டுச் சட்டியில் தள்ளலாம். மூலைக்குத் தலையை நுழைக்க வேண்டிய கூட்டை மூன்றாவது மாதத்திலிருந்து யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள்.

கம்பையும் ஆணியடித்து நிறுத்தாதீர்கள். கோழியின் ரத்தம் உறிஞ்சும் செல் பூச்சி பகலில் இடுக்கில் பதுங்கி ராத்திரி ஏறும், அதற்குக் கம்பின் நுனியைவிட நல்ல வீடு இல்லை. சவுக்குக் கம்பு நல்லது, பட்டையை உரித்த பிறகு. மூங்கிலும் இரும்புக் குழாயும் வாய் திறந்திருந்தால் செல்லுக்கு மாளிகை. கம்பை யு வடிவக் கொக்கியில் உட்காரவைத்து வாரம் ஒருமுறை வெயிலில் போடவும். சந்தேகம் இருந்தால் ராத்திரியில் வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள்; சிவப்பாக இழுவினால் செல் இருக்கிறது.

முட்டையிட தக்காளி கிரேட், உள்ளே வைக்கோல். அது கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோழி அதிலேயே அடைந்து எச்சமிடும். சுவருக்கு அரை அங்குல வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை). அறுகோண வலையை நாய் பிய்த்துவிடும். கூரை முன்பக்கம் ஒன்றரை அடி நீண்டிருந்தால் சாரல் தட்டைத் தொடாது. இந்தக் கூட்டில் முதலில் வைத்தது முக்கால் அடிதான், முதல் ஐப்பசியிலேயே உமி நனைந்து கட்டியானது, பிறகுதான் தகடு நீட்டப்பட்டது.