காரைக்குடியில் ஒரு மூட்டுநோய் கிளினிக்: ஈஸ்ட்ரோஜனைப் புரியவைத்த மருத்துவர்

மாதவிடாய் நின்ற பெண் மூட்டுவலி என்று போனால், வயதின் மேல் பழியைப் போட்டு வலி மாத்திரையோடு அனுப்பிவிடுவது எங்கள் பக்கத்து ஊர்களில் வழக்கமாகிவிட்டது. காரைக்குடியில் இயங்கும் இந்தச் சிறிய கிளினிக் அப்படிச் செய்யவில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

என் உடன்பிறந்த ஆச்சிக்கு ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் நின்றது. அதன்பின் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பலகாரம் செய்ய உட்கார்ந்தபோது, சீப்புச் சீடையை விரலில் சுற்றி ஒட்ட முடியாத அளவுக்குக் காலை நேரத்தில் அவருடைய விரல்கள் விறைத்துப்போயின. மருத்துவர் இரு கைகளின் விரல் கணுக்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கேட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மூட்டுத் தேய்மானத்தைவிட அழற்சியையே (மூட்டு வீங்கி வலிக்கச் செய்யும் நோய் எதிர்ப்பு வினையையே) முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதற்காகக் கேட்ட கேள்வி அது.

பிறகு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கினார். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டும் உரியதன்று. டி செல், பி செல், மேக்ரோபேஜ் போன்ற நோய் எதிர்ப்புச் செல்களிலும் அதற்கான ஏற்பிகள், அதாவது அந்த ஹார்மோன் வந்து பொருந்தும் இடங்கள், இருக்கின்றன. கர்ப்ப காலத்தைப் போல அளவு மிகுந்திருக்கும்போது டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 முதலிய அழற்சிப் புரதங்களை அது அடக்கிவைக்கிறது. மாதவிடாய் நின்று அளவு சரிந்ததும் அந்தப் பிடி தளர்வதோடு, எலும்பை அரிக்கும் செல்களும் அதே புரதங்களால் தூண்டப்படுகின்றன. மூட்டு அழற்சி நோயான முடக்குவாதம் கர்ப்பத்தில் தணிந்து பிரசவத்துக்குப் பின் மீண்டும் தலைதூக்குவதை 1938-இல் பதிவுசெய்த அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச், அழற்சியை அடக்கும் கார்டிசோன் பற்றிய ஆய்வுக்காக 1950-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன், கார்டிசால் ஆகிய ஹார்மோன்களும் சேர்ந்தே கூடுவதால், அந்தத் தணிவை ஈஸ்ட்ரோஜன் ஒன்றின் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதையும் எங்கள் மருத்துவர் மறைக்காமல் சொன்னார்.

"அப்படின்னா அந்த ஹார்மோனையே மாத்திரையாக் குடுத்துடலாமே, டாக்டர்?" என்று ஆச்சி கேட்டார். "அவசரப்படக் கூடாதுங்க, ஆச்சி" என்ற மருத்துவர் சொன்ன காரணம், நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கேட்டிராதது. அழற்சியை அடக்கும் அதே ஈஸ்ட்ரோஜன், பி செல்களைத் தூண்டி எதிர்ப்பொருள் உற்பத்தியைக் கூட்டவும் செய்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் ஓர் ஆணுக்கு ஏறத்தாழ ஒன்பது பெண்கள் என்ற விகிதத்தில், பெரும்பாலும் பிள்ளைப்பேற்று வயதில் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. லூபஸ் உள்ள பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சை கொடுத்துப் பார்த்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயின் கடுமையான தாக்குதல்கள் கூடவில்லை என்றாலும் மிதமானவை கூடின. ரத்தம் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் உடம்பில் இருந்தால் அந்த மாத்திரை ஆபத்தாகவே முடியலாம். எனவே அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் முடக்குவாதக் காரணி, ஆன்டி-சி.சி.பி., லூபஸைக் கண்டறிய உதவும் ஏ.என்.ஏ. ஆகிய ரத்தப் பரிசோதனைகளை முடிக்காமல் ஹார்மோனைப் பற்றிப் பேசவே அவர் உடன்படவில்லை. இந்த உறுதிக்காகவே கிளினிக்கைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

குறைகளும் உண்டு. முன்பதிவு செய்தும் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. இவ்வளவு நல்ல விளக்கத்தைத் தமிழில் அச்சடித்து ஒரு தாளாகக் கொடுத்தால், உடன் துணைக்கு ஆளில்லாமல் வரும் பெண்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

போகிறவர்கள் பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளையும், இதுவரை வாங்கிச் சாப்பிட்ட வலி மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் அவற்றைத்தான் கேட்கிறார்.