ரோஜாக் குச்சிக்கு ஹீட் மேட் வாங்கலாமா?

குளிர்ப் பிரதேசத்தில் வாசனை ரோஜாவைக் குச்சி நட்டு வளர்க்க நினைக்கிறவர்கள் வேர் பிடிக்கத் தூண்டும் வேர்ப்பொடிக்கு முன்னால் வாங்க வேண்டியது, தொட்டிக்கு அடியில் விரிக்கும், மின்சாரத்தில் சூடாகும் ஹீட் மேட்டைத்தான். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்தே வாங்குங்கள். அது இல்லாத மேட் பாதிப் பொருள்.

என்னுடையது ஒரு நாற்றுத்தட்டு அளவு, தண்ணீர் புகாதது, 20 வாட். உறைபனிக்கு முன் கவாத்து செய்த குச்சிகளை வீட்டுக்குள் வைக்கும்போது அறை கதகதப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஜன்னலோரத் தொட்டியின் மண்ணைத் தொட்டால் சில்லென்றிருக்கும். மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருந்தால் குச்சி தன் சத்தையெல்லாம் துளிர் விடுவதிலேயே செலவழித்துவிடும். பச்சைத் துளிரைப் பார்த்து ஆசைப்படுவோம். அடியில் ஒரு வேரும் இருக்காது, பத்து நாளில் குச்சி கறுத்துவிடும்.

மேட் இந்த நிலையை மாற்றிவிடுகிறது. அடிமண்ணை 21 முதல் 24 டிகிரியில் வைத்துக்கொண்டு, தொட்டியைக் கொஞ்சம் குளிர்ச்சியான, வெளிச்சமுள்ள அறையில் வையுங்கள். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கோப்பையில் பெர்லைட்டும் (பொரிந்த வெள்ளைக் கல்துகள்) கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கலந்து நட்டால் நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வெட்டுவாயில் முதலில் வெள்ளையாகப் பொரிப்பொரியாகக் காலஸ், அதாவது வெட்டுக்காயத்தை மூடும் திசு, திரளும். அப்புறம் அதையொட்டிப் பால் நிறத்தில் தடித்த வேர் ஒன்று கிளம்பி, கோப்பைச் சுவரைத் தொட்டதும் வளைந்து கீழே இறங்கும். அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்கே இதை வாங்கலாம்!

குறையும் உண்டு. தெர்மோஸ்டாட்டின் சென்சாரை மேட் மேல் போட்டுவைத்தால் கணக்குத் தப்பும். குச்சி நிற்கும் கலவைக்குள் செருக வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத மேட், அறைச்சூட்டைவிட இத்தனை டிகிரி கூட என்றுதான் ஏற்றும். அறை சூடானால் மண்ணும் கொதிக்கும், ஈரத்தோடு சேர்ந்து தண்டு அழுகும். இன்னொன்று, கலவை அடியிலிருந்து காய்கிறது. மேல்மண்ணின் ஈரத்தை நம்பாமல் கோப்பையைத் தூக்கிக் கனம் பாருங்கள்.

வேர்ப்பொடியைக் குறை சொல்லவில்லை. பூத்து முடிந்த இளந்தண்டுக்கு ஐபிஏ என்ற வேர்த்தூண்டி ஹார்மோன் 0.3 சதவீதம் உள்ள பொடி போதும்; முற்றிய தண்டுக்கு 0.8. தொட்டுத் தட்டிவிட்டு நடுங்கள், அப்பவில்லை என்றால் ஒன்றும் கெட்டுவிடாது.

இத்தனை பாடு எதற்கென்றால், ஒட்டுச்செடி கடுங்குளிரில் ஒட்டுக்கு மேலே செத்துவிட்டால் வசந்தத்தில் துளிர்ப்பது அடியிலிருக்கும் காட்டு ரோஜாதான். சொந்த வேரில் நிற்கும் செடி தரைமட்டம் வரை கருகினாலும், வேர் பிழைத்திருந்தால் அதே ரோஜாவாகவே திரும்பி வரும். 1905-இல் வந்த ஹன்சா என்ற ரகத்தை முதலில் முயன்று பாருங்கள். ருகோசா இனம், மைனஸ் 35 டிகிரியைத் தாங்கும், பூவில் கிராம்பு வாசம். பன்னீர் ரோஜா வாசம்தான் வேண்டும் என்றால் டமாஸ்க் இனத்தில் மேடம் ஹார்டி இருக்கிறது. 1832-ஆம் ஆண்டின் ரகம், வெள்ளைப் பூ, நடுவில் பச்சைக் கண். காப்புரிமையில் உள்ள புது ரகங்களை அனுமதியில்லாமல் குச்சி போடக் கூடாது. இந்தப் பழைய ரகங்களுக்கு அந்தத் தடை இல்லை.

வேர் கோப்பையைச் சுற்ற ஆரம்பித்ததும் மேட்டை அணைத்துவிடுங்கள். அதற்கு மேலும் சூடு கொடுத்தால் தண்டு நீண்டு மெலியும். முதல் குளிர்காலத்தை அந்தக் கன்று வீட்டுக்குள் வெளிச்சத்தில் கழிக்கட்டும். உறைபனி முழுதாக விலகிய பிறகு தரையில் நடலாம்.