ஒன்பது இஞ்ச் திரையா, குமிழ் வைத்த செட்டா? பள்ளத்தூரில் நிற்கும் ஒரு காருக்காக

காரில் பாட்டுக் கேட்கிற செட் இந்த இரண்டு விதத்தையும் காசு கொடுத்து வாங்கி, ஒரே காரில் மாட்டிப் பார்த்துவிட்டேன். முதலில் வைத்தது ஒன்பது இஞ்ச் ஆண்ட்ராய்டு தொடுதிரை. எட்டு மாதத்தில் அதைக் கழற்றிவிட்டு, திருகுகிற குமிழ் உள்ள சிங்கிள் டின் (டாஷ்போர்டில் உட்காரும் ஒல்லியான அளவு) செட்டுக்கு மாறினேன். யூஎஸ்பி, ப்ளூடூத், எஃப்எம், அவ்வளவுதான் அதில். என் மனம் இதன் பக்கம்தான் சாய்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

கார் அப்பச்சியுடையது (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), 2012 மாடல், சின்ன வண்டி. பள்ளத்தூர் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. நான் இருப்பது சென்னையில். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பல்லவன் ரயிலில் வந்து இறங்கினால் இரண்டு நாள் ஓடும்: பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, தேவகோட்டையில் ஒரு கல்யாணம், எப்போதாவது மதுரை. மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும். எங்கள் பக்கம் இப்படிப் பூட்டிய வீட்டுக்குக் காவலாக நிற்கிற கார்கள் நிறைய உண்டு.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மேப், ரிவர்ஸ் கேமரா, பெரிய எழுத்து, ஆல்பம் படம் எல்லாவற்றிலும் திரைதான் மேல். ஓட்டும்போது கையால் தடவி சத்தத்தைக் கூட்டுவதில் குமிழ் மேல். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க வேண்டாம். லைட்டர் ஓட்டையில் செருகும் ப்ளூடூத் எஃப்எம் கருவியையும் சில நாள் வைத்திருந்தேன். விலை சொற்பம். ஆனால் காலி அலைவரிசை தேட வேண்டும், ஊர் தாண்டினால் வேறொரு நிலையம் குறுக்கே வரும், எஃப்எம் வழியாக வருவதால் மேல் சுருதியும் மழுங்கிவிடும். அவசரத்துக்கு ஆகும். பாட்டை உட்கார்ந்து கேட்க ஆகாது.

இனி எனக்கு முடிவு சொன்ன விஷயம்: பேட்டரி.

திரை மாட்டிய பிறகு இரண்டாம் தடவை ஊருக்கு வந்தபோது சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துப் புதுசு போட்டேன். அடுத்த தடவையும் அதேதான். அப்புறம்தான் எலெக்ட்ரீஷியன் அண்ணன் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி இடையில் மீட்டரை வைத்து, காரின் கம்ப்யூட்டர் தூங்கும்வரை அரை மணி நேரம் விட்டார். சாவியே போடாத வண்டி 190 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. 50க்குள் இருந்தால் கவலையில்லை என்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 190 மில்லி ஆம்பியர் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 4.6 ஆம்பியர் மணி. சின்னக் காரில் இருப்பது 35 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி. எட்டே நாளில் முழுக்கக் காலி. பாதி இறங்கினாலே பழைய எஞ்சினைச் சுற்ற அது திணறும். என் கார் நிற்பதோ இருபது நாள். ஈய அமில பேட்டரியை அடிமட்டம் வரை இறக்கி இறக்கி ஏற்றினால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து அதன் ஆயுளும் குறையும். புதுப் பேட்டரியையும் நானே கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் எளிது. செட்டுக்குப் பின்னால் போகும் மஞ்சள் ஒயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். சிவப்பில் சாவி போட்டால்தான் வரும். சாதாரண செட் மஞ்சளிலிருந்து கடிகாரத்துக்கும் நினைவுக்கும் வேண்டிய துளியை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு செட்டோ அணைந்தது போல இருக்கும், ஆனால் செல்போன் மாதிரி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். அப்படித் தூங்கினால்தான் சாவி போட்டதும் சட்டென்று விழிக்கும். செட்டிங்கில் தூக்கத்தை நிறுத்தி, முழுதாக அணையச் செய்தேன். இழுவை குறைந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் முக்கால் நிமிடம் லோகோவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ரிவர்ஸ் கேமராவும் வராது. ஷெட்டிலிருந்து பின்னால் எடுக்கும்போதுதானே அது வேண்டும்!

சிங்கிள் டின் மாட்டியதும் மறுபடி அளந்தோம். காரின் கடிகாரம், அலாரம் எல்லாம் சேர்த்து 20 மில்லி ஆம்பியர். போன மாதம் 25 நாள் நின்ற வண்டி ஒரே சுற்றில் பிடித்தது.

சத்தத்துக்கு வருகிறேன். டப்பாவில் 50 வாட்ஸ் நாலு என்று இரண்டிலும் போட்டிருக்கும். அதை நம்ப வேண்டாம். தொடர்ந்து தரக்கூடியது இதில் பாதிகூட இருக்காது. இரண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர்தான்: முன் கதவுகளில் ஆறரை இஞ்ச் கோஆக்ஸியல் (பெரிய கூம்பின் நடுவிலேயே சின்ன ட்வீட்டரும் இருக்கும் ரகம்), நான் மாற்றியது. என் காதுக்குச் சிங்கிள் டின்னில் பாட்டு தெளிவாக இருந்தது. அந்தத் திரை மலிவு ரகம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். விலை கூடிய திரைகளை நான் வைத்துப் பார்த்ததில்லை. தனி ஆம்ப், சப் ஊஃபர் பக்கமும் போனதில்லை. ஆக நான் சொல்வது மலிவு விலைத் திரைக்கும் அதே விலையில் கிடைக்கும் நல்ல சிங்கிள் டின்னுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தச் சிறிய செட்தான் என்னை அப்பச்சியின் கேசட் பெட்டிக்குத் திருப்பிக் கொண்டுபோனது. எண்பதுகளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, டிடிகே 60 என்ற அறுபது நிமிட கேசட்டில் பதிந்து வாங்குவார்கள். ஒவ்வொரு அட்டையிலும் அப்பச்சியின் கையெழுத்தில் ஏ பக்கம், பி பக்கம் என்று வரிசை இருக்கிறது. ஒரு கேசட்டில் ஏ பக்கம் முழுக்கக் கண்ணதாசன் எழுதியவை, பி பக்கம் முழுக்க இளையராஜா. இரண்டு பக்கத்துக்கும் ஊர் ஒன்று என்பது இந்த வயதில்தான் எனக்கு உறைத்தது: கண்ணதாசன் நம் சிறுகூடல்பட்டிக்காரர், 1976இல் இளையராஜாவைத் திரைக்குக் கொண்டுவந்த பஞ்சு அருணாசலமும் அதே ஊர், கவிஞரின் அண்ணன் மகன்.

அந்த வரிசையை அப்படியே பென் டிரைவில் ஏற்ற முயன்றபோது ஒன்று கற்றுக்கொண்டேன். இந்த மாதிரி செட்கள் பல, கோப்பின் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. டிரைவில் எது முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும். ஆகவே டிரைவை இந்த செட்கள் படிக்கும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, பாட்டுகளை ஒவ்வொன்றாக, அட்டையில் உள்ள வரிசையில் ஏற்றினேன். செட்டின் சிறிய எழுத்துத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால் பெயருக்கு எண் மட்டும் வைத்தேன். பழைய, அதிகம் சுருக்கிய 128 கேபிபிஎஸ் கோப்புகளை எறிந்துவிட்டு 320இல் வாங்கியவற்றைப் போட்டேன். நல்ல ஸ்பீக்கரில் பழசு சலசலவென்று காட்டிக்கொடுத்துவிடும், முக்கியமாக ஜால்ராவும் சிம்பலும் வரும் இடங்களில்.

குன்றக்குடி போகும் வழியில் பி பக்கம் ஓடியது. நாற்பது வருடமாகக் கேட்ட பாட்டு ஒன்றில், வயலின்களுக்கு அடியில் பேஸ் கிதார் தனியாக ஒரு மெட்டு வாசித்துக்கொண்டே போவதை அன்றுதான் கேட்டேன். பக்கத்தில் இருந்த அப்பச்சி அடுத்த பாட்டு தொடங்குமுன்னே அதன் முதல் வரியை முணுமுணுத்தார். வரிசை அவருக்கு இன்னும் மனப்பாடம்.

காரைக்குடிக்கும் திருச்சிக்கும் தினமும் ஓட்டுகிற என் மச்சான் போன வாரம் எதை வாங்கலாம் என்று கேட்டான். அவன் வண்டி ஒரு நாளும் சும்மா நிற்காது, போன் வந்துகொண்டே இருக்கும், இரவில் ஊர் ஊராகப் போக வேண்டும். அவனுக்குத் திரைதான் சரி என்றேன். மாட்டும் அன்றே மீட்டர் வைத்து அளந்து வாங்கிக்கொள், மீட்டர் போட்டிருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் பண்ணிவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.