பதினோரு மழைக்காலம், ஒரு ஜிப்ஸி: போட்டதும் கழற்றியதும்

தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஓர் ஓடை. அதற்காகத்தான் 2013 கடைசியில் இந்த மாருதி ஜிப்ஸி ஜீப்பை வாங்கினேன். 2003 மாடல், 1,298 சிசி, எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் இன்ஜின். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியிருந்தார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மாட்டு கொம்பு வைத்த மாதிரி எதையாவது பொருத்தி வைத்திருந்தார்கள். நானும் என் பங்குக்குப் பொருத்தினேன். இன்றைக்கு வண்டியில் அதில் பாதி இல்லை.

முதலில் டயர் கதை. கம்பெனி அளவு 205/70 ஆர்15. சின்ன டயர், மேடு தாண்டும்போது அடி தட்டும். எடுத்த எடுப்பிலேயே 235/75 போட்டேன். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஆனால் ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே உரசியது. உரசாமல் இருக்க வண்டியைத் தூக்க வேண்டும். தூக்குவதற்குச் சுலப வழி என்று, வண்டியைத் தாங்கும் பட்டையின் (இலை ஸ்பிரிங்) ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிலை நீளமாக அடித்து மாட்டினேன். இரண்டு இஞ்ச் நீள ஷேக்கில் போட்டால் வண்டி ஏறுவது ஒரு இஞ்ச்தான், ஏனென்றால் பட்டையின் மறுமுனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு இஞ்ச்சுக்குக் கொடுத்த விலைதான் அதிகம். ஜிப்ஸியில் முன்பட்டைக்கு ஷேக்கில் முன்பக்கம் இருப்பதால், அதை நீட்டினால் ஆக்சில் முழுவதும் முன்னால் சாய்ந்து காஸ்டர் கோணம் (ஸ்டீரிங் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்துவிடும். வளைவில் ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பாது. வத்தலக்குண்டு நேர் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி இடமும் வலமும் மேயத் தொடங்கியது. பவர் ஸ்டீரிங் வேறு கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் தோள்பட்டை கழன்றது.

பட்டை வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, தூக்கிட்டீங்க சரி. அது திரும்பணும்ல?"

ஒரே வருஷத்தில் ஷேக்கில், டயர் இரண்டையும் கழற்றினேன். இப்போது இருப்பது 215/75. கணக்குப் போட்டால் பழைய டயரைவிட விட்டம் மூன்றரை சென்டிமீட்டர் அதிகம், அதில் பாதிதான் அடியில் கிடைக்கும். அது போதுமானதாக இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63 போகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டைகளைப் பிரித்து, துருவைத் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கிராஃபைட் கிரீஸ் தடவி, முனைகளில் புது புஷ் (தேய்மானத்தைத் தாங்கும் குழல்) போட்டுத் திரும்பக் கட்டினேன். ஷேக்கில் செய்யாததை இது செய்தது. சக்கரம் குழியில் இறங்குகிறது, மேட்டில் ஏறுகிறது, பின்சீட்டில் உட்கார்ந்தவர் கூரையில் முட்டுவதில்லை. பட்டையை ஆக்சிலோடு கட்டிவைக்கும் யூ போல்ட்டை மட்டும் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள். நான் முதல் தடவை மறந்து, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் ஒடிந்து, ஆக்சில் ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்த நிலையில் நண்டு மாதிரி வீடு வந்து சேர்ந்தேன்.

பதினோரு வருஷத்தில் என் கை அதிகம் பட்ட இடம் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நக்கிள், சக்கரத்தைத் திருப்பும் மூட்டு. உருண்டையான இரும்புக் கிண்ணம், அதற்குள், திரும்பும்போதும் சக்கரத்தைச் சுற்றவைக்கும் சிவி ஜாயின்ட், அதைச் சுற்றி கிரீஸ். கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருக்க ஒரு ஃபெல்ட், ஒரு ரப்பர் சீல், இரண்டையும் பிடித்துக்கொள்ள இரண்டு அரைவட்டத் தகடு. சீல் தேய்ந்தால் கிரீஸ் வெளியே வரும், ஓடைத்தண்ணீர் உள்ளே போகும். மூன்றாவது வருஷம் சக்கரத்தின் உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்தபோது ஒட்டிக்கொண்டு வந்தது கிரீஸ் இல்லை, பால் அதிகம் விட்ட காபி நிறத்தில் ஒரு கூழ்.

அப்போது சோம்பேறித்தனமாக ஒரு வேலை செய்தேன். புது சீலை ஒரு இடத்தில் பிளேடால் வெட்டி, ஒன்றையும் கழற்றாமல் சுற்றிப் போட்டு, வெட்டு மேல்பக்கம் வருகிற மாதிரி வைத்து மூடினேன். ஐப்பசி மழை வரை தாங்கியது. கார்த்திகையில் பழைய கதைதான். அப்புறம்தான் முறையாகச் செய்தேன். பிரேக் காலிப்பரைக் கழற்றி, அதன் ஹோஸில் எடை விழாதபடி கம்பி போட்டு பட்டையில் தொங்கவிட்டு, ஹப், ஸ்பிண்டில், ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கடைசியில் மேலும் கீழும் இருக்கும் கிங் பின், அதாவது நக்கிள் திரும்பும் அச்சு. கிங் பின்னுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று கழற்றும்போதே இரண்டு டப்பாவில் பிரித்துப் போடாவிட்டால் சாயங்காலம் தலையைச் சொறிய வேண்டியதுதான். பேரிங் புதுசு போட்ட பிறகு, சீல் போடுவதற்கு முன்னால், ஸ்டீரிங் ராடு சேரும் கையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். சுலபமாக ஆடினால் ஷிம் குறைக்க வேண்டும், அசைய அடம்பிடித்தால் கூட்ட வேண்டும். என் தராசு மீன் நிறுக்க வாங்கியது. அம்மாவுக்கு இது தெரியாது.

இரண்டு பக்கமும் முடிக்க முதல் தடவை இரண்டு நாள் ஆனது. இப்போது ஒரு பக்கத்துக்கு அரை நாள். வேகமாகப் போகும்போது ஸ்டீரிங் படபடவென்று அடித்துக்கொள்ளும் பழைய வியாதியும் அத்துடன் போனது. அதற்காக முந்தைய ஓனர் புது ஸ்டீரிங் டாம்பர் போட்டிருந்தார். டாம்பர் ஆட்டத்தை மறைக்கும். தேய்ந்த கிங் பின் பேரிங்கை அது என்ன செய்ய முடியும்?

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மலையையும் விடவில்லை. பாதை நெடுக மரங்கள். ஓடை இருமடங்கு. வேறு வழியில்லாமல் நான்கு நாளில் பத்துத் தடவையாவது தண்ணீரில் இறக்கினேன். ஒரு வாரம் கழித்துப் பின் டிஃபரன்ஷியலின் (ஆக்சில் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) வடிகால் போல்ட்டைத் திறந்தால் கியர் ஆயில் டீ நிறத்தில் வந்தது. காரணம் எளிது. ஓடி ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய இடத்துக்கு எதையாவது உறிஞ்ச வேண்டும். ஆக்சில் மேலே காற்று போய்வர இருக்கும் சின்ன பிரீதர் மூடி தண்ணீருக்குள் இருந்தால் அது தண்ணீரைத்தான் உறிஞ்சும். பெட்ரோல் ஹோஸ் வாங்கி, இரண்டு ஆக்சிலிலிருந்தும் மேலே கொண்டுபோனேன். முன்னால் இருப்பது இன்ஜின் அறையின் பின்சுவரில், பின்னால் இருப்பது டெயில் லேம்புக்கு உள்பக்கம். நுனியில் தூசு போகாமல் சின்ன ஃபில்டர். மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்க்குள். அதற்குப் பிறகு ஆயில் நிறம் மாறியதே இல்லை. இந்த வண்டியில் நான் செய்ததிலேயே ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். வெளியே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது.

கரண்ட் வேலையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். மேலே கட்டிய எல்.இ.டி. விளக்குப் பட்டை பனியில் வெள்ளைச் சுவர் எழுப்பியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. கழற்றிவிட்டேன். ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், ஃபியூஸ், இரண்டு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டதும் அதே பல்பு பளிச்சென்று எரிந்தது. அதுவரை மொத்தக் கரண்டும் பழைய சுவிட்ச் வழியாகச் சுற்றி வந்து பாதி வழியிலேயே களைத்துப்போயிருக்கிறது.

துரு பற்றிப் பேசினால் அழுகை வரும். பின்சக்கரத்துக்குப் பின்னால், மிதியடிக்குக் கீழே, எங்கெல்லாம் சேறு தங்குமோ அங்கெல்லாம். டிங்கரிங் செய்பவர் இரண்டு தடவை தகடு வைத்துத் தைத்துவிட்டார். பட்டி பூசி மறைக்காமல் வெட்டி எடுத்து, ரெட் ஆக்சைடு அடித்த பிறகு மூடியதால் இரண்டாவது தையல் ஏழு வருஷமாக நிற்கிறது. மழைக்காலம் முடிந்ததும் அடியில் ஹோஸ் பிடித்துக் கழுவுவது தான் மீதி வைத்தியம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய வண்டி வாங்கும் தம்பிகள் இதைத்தான் கடைசியில் கேட்கிறார்கள். முன்னால் இருந்த புல் பாரை (பம்பரில் கட்டும் இரும்புத் தடுப்பு) 2018 எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) முன்பே எடுத்துவிட்டேன். அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரித்தவர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஆக, பெரிய டயரும் ஷேக்கிலும் போனதில் எனக்கு இரட்டை நிம்மதி. 2018-ல் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க 600 ரூபாய் கட்டணம் கட்டினேன். 2023-ல் அதே வேலைக்கு 5,000. வண்டியின் வயதுக்கு மரியாதை கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது. பொதுமக்களுக்கு விற்பதை 2019-ல் நிறுத்திவிட்டாலும், 1985-லிருந்து ஓடிய வண்டி என்பதால் மதுரையில் தேடினால் பெரும்பாலும் அகப்படும். அகப்படாத புஷ்ஷை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்கிறேன். மைலேஜ் ரோட்டில் பத்து, தோட்டத்துக்குள் ஏழு. இதில் எந்த மாற்றமும் எதையும் செய்ததில்லை.

இப்போது இரண்டு வாரமாக அடியில் ஒரு "டிக்" சத்தம், கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது மட்டும். முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இந்த வண்டியில் தனியாக இருப்பதால், சக்தியைக் கடத்தும் தண்டுகள், அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட், மூன்று. கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் இருக்கும் குட்டை ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருகிப் பார்த்தேன், லேசாக ஆடுகிறது. அதன் முனை மூட்டுகளுக்கு யூ ஜாயின்ட் கிராஸ் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். கழற்றுவதற்கு முன்னால் இரண்டு முனையிலும் வெள்ளை பெயின்ட்டால் கோடு போட வேண்டும், மாற்றி மாட்டினால் வண்டி முழுக்க நடுங்கும். பெயின்ட் டப்பா காய்ந்துபோயிருந்தது. புதுசு வாங்கியாயிற்று. மழை விடட்டும்.