கோர்ட்டைச் சுற்றி என்ன போடலாம்? செயற்கைப் புல்லும் அதன் போட்டியாளர்களும்

வீட்டுக்குப் பின்னால் பேட்மின்டன், டென்னிஸ் என்று விளையாடக் கோர்ட் போடுகிறவர்கள் கோர்ட்டைப் பற்றியே மாதக்கணக்கில் யோசிப்பார்கள். கான்கிரீட்டா, டைலா, நீலமா, பச்சையா என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் கோர்ட்டுக்கும் மதிலுக்கும் நடுவே கிடக்கிற மண் பட்டை கண்ணில் படும். "இங்கே பச்சையாக ஏதாவது போட்டுவிடலாம்" என்பார்கள். அந்த "ஏதாவது"தான் பிறகு ஆளைப் படுத்தும். மழைத் தண்ணீர் வடிவதும், பந்து ஓடுவதும், வேகமாக ஓடி வந்தவனின் கால் போய் நிற்பதும் அந்தப் பட்டையில்தான்.

பொதுவாக நான்கு பொருள்கள் பேச்சில் அடிபடும்: செயற்கைப் புல், நிஜப் புல், கூழாங்கல் அல்லது ஜல்லி, பேவர் பிளாக்.

கூழாங்கல்லை முதலிலேயே கழித்துவிடுகிறேன். தண்ணீர் நன்றாக வடியும், வெட்டவோ நீர் விடவோ வேண்டாம், உண்மைதான். ஆனால் பந்தை எடுக்கப் போனவனின் ஷூவில் ஒரு சின்னக் கல் ஒட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்தால் போதும். அக்ரிலிக் பூச்சில் கீறல் விழும், அதன்மேல் கால் வைத்தவனுக்குக் கணுக்கால் பிசகும். வேலிக்கு வெளியே தாராளமாகக் கொட்டிக்கொள்ளுங்கள். உள்ளே வேண்டாம்.

நிஜப் புல்லை அப்படி ஒரே வரியில் ஒதுக்க எனக்கு மனசில்லை. கொளுத்தும் வெயிலிலும் அதன்மேல் வெறுங்காலோடு நிற்கலாம், விழுந்தாலும் மெத்தென்று இருக்கும். ஆனால் புல்லுக்குத் தண்ணீர் வேண்டும், கோர்ட்டுக்குத் தண்ணீர் ஆகாது. சுழன்று தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் புல்லோடு சேர்த்துத் தளத்தையும் நனைக்கும். நிழல் விழுகிற மூலை என்றால் பாசி பிடித்து வழுக்கும். வெட்டிய துணுக்குகள் பறந்து கோர்ட்டில் ஒட்டும், மழைக்குப் பிறகு சேறு ஷூவோடு உள்ளே வரும். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஓரம் இறங்குவதுதான். ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்பக் கால் வைக்கிற இடத்தில் புல் வழுக்கையாகி மண் அமுங்கும். சில மாதங்களில் தளத்தின் விளிம்பு ஒரு குட்டிப் படியாக நிற்கும். இரண்டு விரல் உயரம்தான், ஆனால் பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடுகிறவன் தடுக்கி விழ அது தாராளமாகப் போதும்.

பேவர் பிளாக்குக்கு இந்தக் குறை கிடையாது. அடித்தளம் சரியாக இருந்தால் தளத்தோடு ஒரே மட்டத்தில் கிடக்கும், பராமரிப்பும் குறைவு. பந்தை நிறுத்தாது, வெயிலில் சுடும், விழுந்தால் முட்டி தேயும். அழகு என்று சொல்லவும் ஒன்றும் இல்லை.

இனி செயற்கைப் புல். இது பேர் வாங்கிய கதையே வேடிக்கையானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், வெளிச்சம் ஊடுருவும் கூரை போட்ட ஆஸ்ட்ரோடோம் பேஸ்பால் அரங்கம் 1965இல் திறந்தபோது உள்ளே வளர்ந்தது நிஜப் புல்தான். கூரை வழியாக வந்த கண்கூச்சத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை என்று கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெளிச்சம் போச்சு, புல்லும் போச்சு. 1966இல் செயற்கைப் புல் வந்தது, ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது. வெயிலே படாத ஓரத்துக்கு இது இன்றைக்கும் கைகொடுக்கும்.

கோர்ட் ஓரத்தில் இதன் பெரிய நன்மை, பந்தை நிறுத்துவது. பேவரில் உருண்டு மதில் வரை போகிற பந்து இதில் சட்டென்று வேகம் இழக்கும். சேறு இல்லை, துணுக்கு இல்லை, உள்ளே வருகிறவரின் ஷூ அதன்மேல் நடக்கும்போதே துடைபட்டுவிடும். சூடுதான் இதன் பெரிய குறை. உச்சி வெயிலில் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் தணியும், பிறகு பழையபடி ஏறும். சிறு பிள்ளைகள் மதியம் வெறுங்காலோடு ஓடுகிற வீடு என்றால் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்னொன்று பலருக்குத் தெரியாது: வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வகை ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற வெயில் ஒரே இடத்தில் குவிந்தால் இழைகள் உருகிச் சுருண்டுவிடும். போடுமுன் அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும்போது நீளமான இழையைப் பார்த்து மயங்க வேண்டாம். 40 மி.மீ. இழை படத்தில் அள்ளும், ஆனால் கோர்ட் ஓரத்தில் மிதிபட்டுப் படுத்துவிடும், ஷூ நுனியும் அதில் சிக்கும். குட்டையாக, நெருக்கமாக இருப்பதே இங்கே நல்லது. இழைகளுக்கு நடுவே நிரப்ப ரப்பர் குருணை வேண்டாம். மைக்ரோபிளாஸ்டிக் (நுண்ணிய பிளாஸ்டிக் துகள்) என்பதால் விளையாட்டுத் தளங்களில் நிரப்பும் இந்தக் குருணைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விற்பனைத் தடை கொண்டுவந்தது. 8 ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சிலிக்கா மணல் போதும், அதையும் அளவாகத் தூவி பிரஷ்ஷால் உள்ளே தள்ளுங்கள். மிஞ்சிய மணல் கோர்ட்டுக்குள் போனால் அதுவே வழுக்கும்.

எதைப் போடுவது என்பது ஒருபுறம் இருக்கட்டும், எங்கே ஆரம்பிப்பது என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பேட்மின்டன் கோர்ட் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். மட்டையும் ஓட்டைப் பந்தும் வைத்து ஆடுகிற பிக்கிள்பால் கோர்ட்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் சுற்றிலும் ஓடுகிற இடத்தையும் சேர்த்து 60 அடிக்கு 30 அடி வேண்டும் என்பார்கள். டென்னிஸில் பொழுதுபோக்கு ஆட்டத்துக்கே பின்கோட்டுக்கு அப்பால் 5.48 மீட்டரும் பக்கவாட்டில் 3.05 மீட்டரும் வேண்டும் என்கிறது சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு. இந்த இடமும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான், இதைப் புல்லால் நிரப்பாதீர்கள். முழு வேகத்தில் ஓடும் காலுக்குக் கீழே பிடிமானம் திடீரென்று மாறினால் ஆபத்து. கூடைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் இது இன்னும் மோசம். பந்தைப் போட்டுவிட்டு வருகிறவன் கோட்டைத் தாண்டித்தான் நிற்பான். அந்தப் பக்கம் தளத்தையே நீட்டுவது உத்தமம், முடியாவிட்டால் பேவர். செயற்கைப் புல் பக்கவாட்டில், ஓடுகிற இடம் முடிந்த பிறகு.

போடும் வேலையில் புல்லை விரிப்பது கடைசி ஒரு நாள் வேலை. அதன் ஆயுளைத் தீர்மானிப்பது கீழே இருக்கிற கல். மண்ணைத் தோண்டி, மண்ணும் கல்லும் கலக்காமல் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, உடைகல்லை 7 முதல் 10 செ.மீ. வரை அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் காம்பாக்டரால் இடிக்க வேண்டும். மேலே மெல்லிதாகக் கல்தூசி. சரிவு கோர்ட்டிலிருந்து வெளிப்பக்கமாக, 100க்கு 1. புல்லை விரிக்கும் முன் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தேங்கினால் அப்போதே சரிசெய்துவிடலாம், பிறகு முடியாது.

இழை நுனி கோர்ட் விளிம்புக்குச் சமமாகவோ துளி கீழேயோ நிற்க வேண்டும். மேலே நின்றால் கோர்ட்டின் மழைநீருக்கு அதுவே அணை. தள விளிம்பை ஒட்டி மட்காத பட்டை ஒன்றைப் பதித்து, புல்லை அதில் ஆணியடித்து இறுக்குவது வழக்கம். கோர்ட் பிளாஸ்டிக் இன்டர்லாக் டைல் என்றால் மட்டும் புல்லை நெருக்கிவிடாதீர்கள். வெயிலில் டைல் விரியும். விரிய இடமில்லாவிட்டால் நடுவில் புடைத்துக் கிளம்பும்.

மூலை திரும்பும் இடத்தில் எனக்கே ஒருமுறை ஏமாற்றம். இரண்டு பட்டைகளும் ஒரே ரோலில் வெட்டியவை. விரித்துப் பார்த்தால் ஒன்று கரும்பச்சை, மற்றது வெளிர்பச்சை. வேறு ரோலை அனுப்பிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டப் போனேன். பிறகுதான் புரிந்தது, ஒன்றைத் திருப்பி வைத்ததால் இழை சாயும் திசை மாறியிருக்கிறது. எல்லாப் பட்டையும் ஒரே திசையில் சாய வேண்டும், அதுவும் வீட்டிலிருந்து பார்க்கிறவரை நோக்கிச் சாய்ந்தால் புல் அடர்த்தியாகத் தெரியும். அப்படி வைத்தால் மூலையில் கொஞ்சம் கூடுதலாக வீணாகும். அதையும் கணக்கில் சேர்த்து வாங்குங்கள். வெட்டும்போது பின்பக்கமாகத் திருப்பி முதுகில் கத்தி வையுங்கள், இழை தப்பிக்கும்.

மிஞ்சுகிற துண்டைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு வருடம் கழித்து ஓரிடத்தில் கிழிந்தால், புது ரோலின் நிறம் பழையதோடு ஒத்துப்போகாது. அதை வெயில் படும் இடத்திலேயே போட்டு வைத்திருந்தால் நிறமும் கூடவே மங்கியிருக்கும், ஒட்டுப் போட்டது தெரியாது.