டிஸ்க் விலகலுக்கு ஆபரேஷனா, உடற்பயிற்சியா? காலைப் பார்த்து முடிவெடுங்கள்

மூன்று வருட இடைவெளியில் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு இடுப்பு டிஸ்க் விலகியது. எனக்கு எல்5-எஸ்1, என் மச்சானுக்கு அதற்கு ஒரு படி மேலே எல்4-எல்5; முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வை, அதாவது டிஸ்க்கை, டாக்டர்கள் இப்படித்தான் குறிப்பார்கள். நான் உடற்பயிற்சியிலேயே தேறினேன். அவர் ஆபரேஷன் செய்துகொண்டார். இரண்டுமே சரியான முடிவுதான். ஆனால் "முதுகில் மட்டும் கத்தி வைக்காதே" என்று அவரிடமும், "வெட்டி எடுத்துவிட்டால் நிம்மதி" என்று என்னிடமும் சொன்னவர்கள் ஏராளம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும், 20 வயதில் சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரிகிறது. 80 வயதில் 80 சதவீதத்துக்கும் மேல். மச்சானுடையதைவிட என் ரிப்போர்ட்தான் படிக்கப் பயமாக இருந்தது. ஆனால் வலியோடு வலியாக என்னால் நுனிக்காலில் எழும்பி நிற்க முடிந்தது. அவருக்கோ கால் பெருவிரலை மேலே தூக்க வரவில்லை. மாடிப்படி ஏறும்போது வலது செருப்பு காலைவிட்டுக் கழன்று கீழ்ப்படியிலேயே கிடந்தது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை. நரம்பு பலம் இழந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்தச் செருப்பைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அவருக்குச் செய்தது மைக்ரோடிஸ்கெக்டமி. சிறிய கீறல் வழியே, நரம்பை அழுத்தும் ஜவ்வுத் துண்டை மட்டும் எடுப்பார்கள். கண் விழித்தபோதே கால் வலி இல்லை. விரலுக்குப் பலம் திரும்பத்தான் மாதக்கணக்கில் ஆனது. இந்த ஆபரேஷன் காலுக்கு இறங்கும் வலிக்கானது. இடுப்புவலி மட்டும் இருப்பவர் அதே பலனை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். எடுத்த இடத்திலேயே மறுபடி பிதுங்குவதும் உண்டு, நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு.

கால் பலம் குறையாமல் வலி மட்டும் இருந்தால்? 2007இல் நெதர்லாந்தில் இருந்து வந்த ஒரு ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. 6 முதல் 12 வாரமாகக் கால்வலியால் தவித்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன். மற்றவர்களுக்கு மருந்தும் பயிற்சியும், தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். முதல் பிரிவினர் வேகமாகத் தேறினார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் சுமார் 95 சதவீதம் பேர் நலம். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆகவே இங்கே ஆபரேஷன் மிச்சப்படுத்துவது சில மாதங்களை. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்தச் சில மாதம்தான் எல்லாமே; அவர் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

தண்டுவட ஸ்டீராய்டு ஊசி நடுவழி. சில வாரங்கள் வலி தணியும், அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். எடை கட்டி இடுப்பை இழுக்கும் டிராக்‌ஷன், பெல்ட் இரண்டிலும் எனக்குப் பெரிய பலன் இல்லை. படுத்தே கிடப்பது ஓரிரு நாளுக்கு மேல் கெடுதல்.

உடற்பயிற்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள்ளேயே எதிரெதிர் கட்சிகள். தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று முழங்காலை நெஞ்சோடு அணைக்கும் பவனமுக்தாசனம் செய்தேன். மூன்றே நாளில் பின்தொடை வலி சுண்டுவிரல் வரை இறங்கியது. பிசியோதெரபிஸ்ட் அதை நிறுத்தி, குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றச் சொன்னார். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் வந்த நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்த அந்த நிலையில் சில நிமிடங்கள் கிடந்ததும், வாரக்கணக்கில் விடாத கால்வலி விட்டுவிட்டது. அதிலிருந்து பிறந்த விதிதான் எனக்கு வழிகாட்டியது: வலி பாதத்திலிருந்து கெண்டைக்கால், தொடை, பிட்டம் என்று மேலேறினால், இடுப்பில் வலி கூடினாலும் அந்தப் பயிற்சி சரி. கீழே இறங்கினால் உடனே நிறுத்து. ஆனால் வயதானவர்களுக்கு வரும் தண்டுவடக் குழாய்ச் சுருக்கத்தில் பெரும்பாலும் முன்னால் குனிந்தால்தான் சுகம், பின்னால் வளைந்தால் வலி. அடுத்த வீட்டுக்காரர் பயிற்சி நமக்கு ஆகாது என்பது இதனால்தான்.

வலி இடுப்போடு நின்ற பிறகு, கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் வகுத்த மூன்று பயிற்சிகளுக்கு மாறினேன்: மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் லேசாகத் தூக்குவது, ஒருக்களித்து முழங்கையில் உடலைத் தாங்குவது, தவழும் நிலையில் எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 விநாடி நிறுத்தம். முதுகை வளைக்காமல் தாங்கு தசைகளைப் பலப்படுத்துபவை இவை.

இரவில் டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும் என்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது ஆகாது. எங்கள் வீட்டில் அதனால் கோலம் ஏழு மணிக்குத் தள்ளிப்போனது.

ஒரு நிலையில் மட்டும் ஆபரேஷனா, பயிற்சியா என்று ஒப்பிடவே கூடாது. தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால் அல்லது அடக்க முடியாமல் போனால், பயிற்சி, ஊசி எதையும் யோசிக்காமல் அன்றைக்கே, அந்த மணியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆபரேஷனான ஆறாவது வாரம் மச்சான் கையில் பிசியோதெரபிஸ்ட் ஒரு தாளைக் கொடுத்தார். நான் செய்துகொண்டிருந்த அதே மூன்று பயிற்சிகள் அதில் இருந்தன.