லி நதி போட் ட்ரிப்: மலைக்கு ஃபுல் மார்க், சாப்பாட்டு டைமிங் சுத்த மோசம்

சீனாவுல குய்லின் போற எல்லாருமே இந்த போட்டத்தான் புக் பண்றாங்க, நாங்களும் பண்ணோம். குய்லின்ல இருந்து யாங்ஷுவோ வரைக்கும் ஆத்துல 83 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நாலு மணி நேரம், ஒன்வே தான், திரும்பி வர்றது பஸ்ல. கம்பெனி பேரு வேணாம், எல்லா போட்டும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா தான் போகுது.

ஆரம்பத்துல சுமார் தான், அங்கொண்ணு இங்கொண்ணுன்னு குன்னுங்க. வழியில யாங்டின்னு ஒரு ஊரு, அத தாண்டினதும் தான் ஆட்டமே. ரெண்டு கரையிலயும் செங்குத்தா மலைங்க, சரிவே கிடையாது, ஆத்தங்கரையில இருந்து நேரா மேல கிளம்புது, கீழ மூங்கில் புதரு, எருமைங்க தண்ணியில கெடக்கு, லேசா தூறல் வேற, தூரத்துல இருக்குற மலையெல்லாம் வெளுத்துக்கிட்டே போயி கடைசில மலையா மேகமான்னே தெரியல. கரெக்டா அந்த நேரம் பார்த்து பஃபே ஓப்பன் பண்றாங்க! பாதி ஜனம் தட்டோட கீழ க்யூவுல நிக்குது. எதுக்குங்க இது, ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுத் தொலைச்சா என்ன. சாப்பாடும் அதுக்கு வொர்த் இல்ல, வெஜ்னா சோறும் கீரையும் தான். பிஸ்கட் கையில வச்சுக்கிட்டு மேல் டெக்கை விட்டு நகராதீங்க.

இன்னொரு குறை, மைக்ல பேசுறவங்க ஒவ்வொரு மலையும் எதைப் போல இருக்குன்னு மட்டும் தான் சொல்றாங்க, எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை இல்ல. விஷயமே அதுல தான இருக்கு! 35 கோடி வருஷத்துக்கும் முன்னாடி இந்த இடம் கடல், சிப்பி, பவளம் எல்லாம் செத்து அடியில படிஞ்சு படிஞ்சு கெட்டியான சுண்ணாம்புக்கல் ஆச்சு, அப்புறம் நிலம் மேல எழும்பி வந்துச்சு. மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்குற கார்பன் டை ஆக்சைட சேர்த்துக்கிட்டு லேசான ஆசிட் ஆகி, கல்லுல இருக்குற விரிசல் வழியா எறங்கி கரைச்சுக்கிட்டே போகுது. விரிசலும் நெட்டுக்குத்தா, ஆறு வேற அடியில அரிக்குது, மேல இருக்குறது பொத்துனு விழுது, அதான் சுவரு மாதிரி நிக்குது. அதாவது இந்த மலைங்க முளைச்சு வந்தது இல்ல, சுத்தி இருந்ததெல்லாம் கரைஞ்சு போயி மிச்சம் நிக்குறது. இத தெரிஞ்சுக்கிட்டு பார்த்தா மலைங்களுக்கு நடுவுல கரைஞ்சு போன அந்தப் பள்ளத்தையும் சேர்த்துப் பாக்கத் தோணும். 2014ல இந்த மலைங்கள யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய லிஸ்ட்லயும் சேர்த்துட்டாங்க.

ஒன்பது குதிரை மலைன்னு ஒண்ணு வரும், பாறை முழுக்க கருப்பு, வெள்ளை, மஞ்சள்னு கறை படிஞ்ச மாதிரி. அதுல ஒம்போது குதிரையையும் கண்டுபிடிச்சா அந்தக் காலத்து ராஜாங்கப் பரீட்சையில முதல் ரேங்க்னு கதை. எனக்கு ரெண்டு மூணு தான் தெரிஞ்சுது, அதுவும் ஒண்ணு நாயி மாதிரி இருந்துச்சு. சிங்பிங்ங்குற ஊரு பக்கத்துல சீனாவோட 20 யுவான் நோட்டு பின்னாடி இருக்குற அதே சீன் வரும், எல்லாரும் நோட்ட தூக்கிப் பிடிச்சு போட்டோ எடுக்குறாங்க, நம்மளும் தான்.

காசும் டைமும் கம்மின்னா முழு போட் வேணாம், யாங்டியில இருந்து சிங்பிங் பக்கமா போற ராஃப்ட் போதும். மூங்கில்னு சொல்லுவாங்க, பாத்தா பிவிசி பைப், மோட்டார் சத்தம் காத பிளக்கும், ஆனா தண்ணிக்கு ரொம்பப் பக்கம். குளிர்காலத்துல ஆத்துல தண்ணி கம்மி, போறதுக்கு முன்னாடி எங்க இருந்து கிளம்புறாங்கன்னு கேட்டுக்கோங்க. போட்டுக்கு 5க்கு 3.